இடம் மாற்றிப் பூட்டிய கலிப்பர்கள்

தில்லைநாதன் முப்பத்திரண்டு வருடம் கொட்டாஞ்சேனை அச்சகமொன்றில் பிழை திருத்துநராக இருந்தவர். மற்றவர் விடும் தவறு அவர் கண்ணில் உடனே படும். ஓய்வு பெற்றபின் வெள்ளவத்தை வீட்டில் அவருடைய பொழுதெல்லாம் தகப்பனார் விட்டுப்போன பழைய ட்ரயம்ப் ஹெரால்ட் காரோடுதான்.

சென்ற மாசியில் முன் பிரேக்குகளில் எண்ணெய் கசிந்தது. சில்லுகளின் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர்கள் இரண்டையும் தாமே கழற்றி, மருதானையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நிலாமிடம் வாங்கிய புது ரப்பர்களைப் போட்டுப் பூட்டினார். அதன்பிறகு எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றை எத்தனை தரம் எடுத்தும் பிரேக் பெடல் பஞ்சுபோல அமிழ்ந்தது. பரவாயில்லையென்று மனைவி அருந்ததியை ஏற்றிக்கொண்டு காலி வீதிக்கு இறங்கினார். பெடல் அடிமட்டம் போய், முன்னால் நின்ற ஓட்டோவில் கார் இடித்தது. நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை.

அன்று பின்னேரமே பழைய கார்க்காரரின் வட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "நிலாமிடம் ஒன்றும் வாங்காதீர்கள். போலிச் சாமான் விற்று உயிரோடு விளையாடுகிறான்."

ஞாயிற்றுக்கிழமை நிலாமே வீட்டுக்கு வந்தார்.

"சாமான்ல பிழை எண்டா நானே மாத்தித் தாறேன், சேர். ஒருக்கா பாக்க விடுங்க."

முன் சில்லுகளைக் கழற்றிக் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இத யாரு சேர் பூட்டின?"

"நான்தான். ஏன்?"

"வலது பக்கத்தது இடதுல ஈக்கிது, இடது வலதுல. காத்தெடுக்கிற நிப்பிள் மேல ஈக்கணும். இப்ப கீழ பாத்துக்கொண்டு ஈக்கிது. மேல நிக்கிற காத்து எப்பிடி வெளிய வரும்?"

நிலாம் இரண்டையும் மாற்றிப் பூட்டிக் காற்றெடுத்தார். பெடல் கல்லுப்போல நின்றது. கைகழுவிவிட்டுப் போகும்போதுதான் சொன்னார்:

"குழுவில பாத்துட்டு ரெண்டு பேர் ஓடர வேணாமெண்டிட்டாங்க, சேர்."

அருந்ததி எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டிருந்தாள்.

"பிழை உங்கட எண்டு அந்த மனுசனிட்டச் சொன்னனீங்களோ?"

"அவருக்குத் தெரியும்தானே."

"குழுவில இருக்கிற ஆக்களுக்குத் தெரியுமோ?"

பழைய செய்தியை அழிக்கப் பார்த்தார். நாள் கடந்துவிட்டதால் முடியவில்லை. 'நடந்த தவறுக்கு வருந்துகிறேன்' என்று எழுதினார். யாருடைய தவறு? அதை அவரே வெட்டினார். கடைசியில் எழுதியது இதுதான்: "கலிப்பர்களை இடம் மாற்றிப் பூட்டியவன் நான். நிலாமைப் பற்றி நான் எழுதியது பொய்."

மறுநாள் மருதானைக்குப் போய், கடையில் நின்ற மூன்று பேரின் முன்னாலும் அதையே சொன்னார். காது சுட்டது. வழக்கமாகக் கதிரை இழுத்துப் போடும் நிலாம் அன்று போடவில்லை.

"பாத்தேன், சேர்."

"அந்த ரெண்டு பேரும் திரும்பி வந்தவையோ?"

"ஒராள் வந்தாரு. மத்தவர் வரல்ல."

"வராதவற்ற நம்பரைத் தாங்கோ."

நிலாம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். தில்லைநாதன் கடை வாசலில் நின்றபடியே அழைத்தார். மறுமுனையில் குரல் கேட்டதும், முதலில் தன் பெயரைச் சொன்னார்.