சரிவில் எல்லாக் கயிற்றையும் அவிழ்க்காதீர்கள்

காலையில் எழுந்ததும் முதலில் டிரெய்லரின் பின்விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்தேன். வலப்பக்கம் எரியவில்லை. இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், எரிந்தது. பிறகுதான் காபி.

வடகரப்பதியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. சூரியநெல்லிப் பக்கம் குடியேறி, அக்கரையில் யானைகள் நீர் குடிக்க வரும் அங்குள்ள நீர்த்தேக்கத்தில் அனுமதி வாங்கிச் சுற்றுலாப் படகு ஓட்ட வேண்டும் என்பது என் கணவரின் இரண்டு வருட ஆசை. பழைய ஃபைபர் படகு ஒன்றும் வாங்கிவிட்டார். நான் கோவையில் கல்லூரி நூலகர். வேலையை விட்டுவிட்டு உடன் வருவேனா என்பதுதான் பாக்கி. இந்தச் சனிக்கிழமை வெள்ளோட்டம் வைத்தோம். திரும்பியதும் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மாட்டேன் என்பதே மனதில் இருந்த பதில்.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு வழியாகச் சுமார் 180 கி.மீ. பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் இருந்ததால் எட்டு மணி நேரம் ஆனது. டீசல் போக வர மூவாயிரத்துச் சொச்சம். சோதனைச் சாவடிக் காவலர் படகைப் பார்த்து, "மலைக்கு மேலே கடலுண்டோ, சேட்டா?" என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பேருந்து வந்தால் நின்று வழிவிடுவதே நல்லது.

படகு இறக்கும் சிமெண்ட் சரிவில் கணவர் ரிவர்ஸ் எடுத்தார். டிரெய்லர் சக்கரம் தண்ணீரைத் தொட்டதும் இறங்கி வந்து, தேங்காய் லோடு இறக்குகிற பழக்கத்தில் எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்தார். படகை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் முன்பக்கத்து வின்ச் கொக்கியையும் கழற்றிவிட்டார். படகு சறுக்கியது. அதன் முன்கயிறு என் கையில் இருந்தது. இழுத்த இழுப்பில் முழங்கால் சிமெண்டில் உரசி விழுந்தேன். கயிறு போயிற்று, படகும் போயிற்று.

பக்கத்தில் தன் படகைக் கழுவிக்கொண்டிருந்த எஸ்டேட்காரர் செல்வம் கத்தினார். "அண்ணே! தேங்கா மூட்டையா எறக்குதீக? கொக்கிய கடேசிலல்லா கழட்டணும்! அங்க பாருங்க, போட்டு ஆனைய பாக்கப் போகுது!"

"போனாப் போகுதுங்க," என்றார் கணவர், திரும்பாமலே. "எந்திரிக்காத புள்ள. முட்டியக் காட்டு."

குடிநீர் பாட்டிலைச் சாய்த்து முழங்காலில் ஒட்டிய மணலைக் கழுவினார். படகு காற்றில் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முதுகு காட்டியபடி உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் என் காலைக் கட்டினார்.

செல்வம் தன் படகில் போய் அதை இழுத்து வந்தார். "அண்ணிக்கி இருக்க பாக்கியம் படகுக்கு இல்ல," என்றார்.

படகில் ஒரு சுற்று வந்துவிட்டு, அதை டிரெய்லரில் ஏற்றினோம். கணவர் தண்ணீரில் நின்று படகைப் பிடிக்க, நான் ரிவர்ஸ் எடுத்தேன். நான்காவது முறைதான் நேராகப் போனது. டிரெய்லர் இடப்பக்கம் போக, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். சக்கரம் மூழ்கும் வரை இறக்கினால் படகு தானே மிதந்து ஏறிவிடும். பிறகு கொக்கியை மாட்டி வின்ச்சைச் சுற்ற வேண்டியதுதான்.

போகிறவர்களுக்கு: பக்கக் கட்டுகளை மேலேயே அவிழ்க்கலாம். வின்ச் கொக்கி மட்டும் படகு மிதக்கும் வரை கிடக்கட்டும். படகின் அடித்துளைத் தக்கையை மாட்டினீர்களா என்று இரண்டு பேர் பாருங்கள். முன்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

திரும்பும் வழியில் அவர் பதில் கேட்கவில்லை. படகில் விழுந்த கீறலுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்று பேசிக்கொண்டு வந்தார். என் பதிவுகளை அவர் படிப்பதில்லை என்பதால் இங்கே எழுதலாம்: திங்கட்கிழமை கல்லூரியில் ராஜினாமா கொடுக்கப் போகிறேன்.