வெள்ளிக்கிழமை சாட்சி

தொண்டையில் துளை போட்ட பிறகு என் கணவரை நான் சபைக்குக் கூட்டிப் போகவில்லை. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இத்தனைக்கும் அதே ரூட்டில் வருஷக்கணக்காக ஷேர் ஆட்டோ ஓட்டியவர் அவர். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்று "சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம்" என்று அவர் கூவினால், மாடம்பாக்கத்தில் எனக்குக் கேட்கிறது என்று கிண்டல் செய்வேன். அதனால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் கட்டிலிலேயே நடந்தது. தலையணையில் சாய்த்து வைத்த போன்தான் எங்களுக்குச் சபை.

முதல் தடவை புற்றுநோய் வந்தபோது, ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்ததில் கட்டி கரைந்துவிட்டது. ஆன்லைன் ஜெபத்தில் போடுவதற்கு சபையில் அவரிடம் சாட்சி கேட்டார்கள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு எங்கள் ஹாலில் நின்று பேசினார். "டாக்டர் இன்னா சொன்னாரு தெரியுமா? கட்டி இருந்த எடமே தெர்லன்னாரு. இத்த யாரு பண்ணது? என் இயேசப்பா பண்ணாரு!" கேமரா இன்னும் ஓடுவது தெரியாமல், "போதுமா? சரி, டீ போடு" என்று என்னிடம் சொன்னதும் பதிவாகிவிட்டது. அதை யாரும் வெட்டவில்லை. வெள்ளிதோறும் பாட்டுக்கு முன்னால் அதைப் போடுவார்கள். கீழே ஆமென் ஆமென் என்று வந்து குவியும்.

வருஷம் திரும்புவதற்குள் கட்டி மறுபடி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனார். ஆனால் சாட்சியை மட்டும் நிறுத்தவில்லை. போனுக்குள் அவர் சுகமானேன் என்று முழங்குவார். இங்கே அவரே துளை வழியாக மூச்சு இழுத்துக்கொண்டு படுத்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரை ஏமாற்றுகிறார்கள் இவர்கள்? ஒருநாள் போனை அணைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து, சத்தத்தைக் கூட்டு என்று சைகை காட்டினார்.

அப்புறம்தான் புரிந்தது. மனிதர் வாரம் முழுக்கத் தன் குரலுக்காகக் காத்திருக்கிறார். "டீ போடு" வரும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் எழுந்து போய் டீ போட்டு, ஆறவைத்து, மூக்குக் குழாயில் விடுவேன். வாரத்தில் நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தது அவ்வளவுதான்.

ஒரு வெள்ளி யாரோ கீழே எழுதினார்கள், இந்தப் பிரதருக்குத்தான் திரும்ப வந்துவிட்டதே என்று. மறுநாளே பாஸ்டரம்மா போன் செய்தார்.

"சிஸ்டர், அந்தச் சாட்சிய எடுத்துட்டோம். புதுசா விசுவாசத்துக்கு வர்றவங்க இடறிடக் கூடாது பாருங்க."

"பரவாயில்லம்மா. வீடியோவ மட்டும் எனக்கு அனுப்பச் சொல்லுங்க."

பதில் வராததால், சபையில் கேமரா பார்க்கிற தம்பிக்கு நானே போன் செய்தேன். "அழிச்சிட்டேனே அக்கா. யாராவது ஷேர் பண்ணிடுவாங்கன்னு பாஸ்டர் எல்லாத்தையும் எடுக்கச் சொன்னாரு" என்றான். அவனிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அந்தக் குரல் வேறு எங்கேயும் இல்லை. எங்கள் வீட்டில் வீடியோ எடுக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது.

அடுத்த வெள்ளி காலையிலிருந்து அவரிடம் சொல்லிவிடப் பார்த்தேன், வாய் வரவில்லை. ஜெபம் தொடங்கியது. ஒரு அம்மா முழங்கால் வலி போன சாட்சி சொன்னார். சத்தத்தைக் கூட்டச் சொன்னார் இவர். கூட்டினேன். அடுத்தது தன்னுடையது என்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு ஆரம்பித்துவிட்டது. போனைக் காட்டி, என்ன ஆச்சு என்று கையை விரித்தார்.

"நெட் சரியில்லைங்க. அடுத்த வாரம் வரும்" என்றேன்.

நம்பிவிட்டார். தலையாட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

கண்களை மூடி அவரவர் விண்ணப்பத்தைச் சொல்லுங்கள் என்றார் பாஸ்டர். சுகம் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஆண்டவரே, அடுத்த வெள்ளிக்குள் இவரைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று கேட்டேன்.