ஐந்தாவது தண்ணீர்ப் பந்தல்

நான் உருவாக்கிய போர் கேமில் ஒரு வினோதம். ஆடிப்பார்த்த நண்பர்கள் எல்லாரும் வரிசையாகச் சந்தைகளையே கட்டி, அந்த வருமானத்திலேயே சண்டை போடாமல் ஜெயித்தார்கள். சந்தை கட்டும் செலவை ஏற்றினேன், ஒருவரும் கட்டவில்லை. இறக்கினேன், மறுபடியும் ஊரெல்லாம் சந்தை. வெளியிடும் நாள் வேறு நெருங்கியது.

தைப்பூசத்தன்று ஜார்ஜ்டவுனில் தண்ணீர்ப் பந்தல்களைத் தாண்டி நடந்தேன். முதல் பந்தலில் சர்பத்துக்குத் தள்ளுமுள்ளு. ஐந்தாவதில் ஓர் அக்கா கப்பை நீட்டியபடியே நின்றார்.

“குடிச்சிட்டுப் போ லா, தம்பி! சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டேங்குறாங்க.”

“ஏன்க்கா?”

“நாலு பந்தல்ல குடிச்சிட்டு வர்றவங்களுக்கு ஏது தாகம்?”

என் வயிறும் தளும்பிக்கொண்டுதான் இருந்தது. கப்பை வாங்கிக்கொண்டு, தாண்டி வந்த பந்தல்களைத் திரும்பிப் பார்த்தேன்.

செலவில் கைவைக்காமல், அடுத்தடுத்துக் கட்டும் ஒவ்வொரு சந்தைக்கும் வருமானம் குறையும்படி அன்றே கேமை மாற்றினேன். அதுவரை கட்டுகிறவனையே பார்த்திருக்கிறேன். வாங்க வருகிறவனை நினைக்கவே இல்லை.