சோதனைச் சாவடியில் பதினைந்து நிமிடம்

ரவ்ஹியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தும், பதினோரு வருடம் அவரைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியவன் நான்தான்.

அவர் பாலஸ்தீனர், பெத் ஜாலா என்ற ஊரில் வேதியியல் வாத்தியார். நான் யூதன், ஜெருசலேமில் புவியியல் வாத்தியார். சமாதானத்தைப் பற்றிப் படிக்க வரும் வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி, இரண்டு பக்கத்தையும் காட்டுவோம். ஒருவரையொருவர் 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளைகளுக்கென்று எள் தூவிய வளைய ரொட்டி ஒரு பை நிறைய வாங்கி வருவார். எங்கள் அரசு கட்டிய தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், ஜெருசலேம் பக்கமாக, தன் குடும்பத்து ஆப்ரிகாட் தோப்பை இழந்த கதையைச் சொல்லி, அழவேண்டிய இடத்தில் சிரிக்க வைப்பார்.

"என் மரங்களுக்கு ஜெருசலேம் போக அனுமதி கிடைச்சிருச்சு. எனக்குத்தான் இன்னும் இழுத்தடிக்கிறாங்க."

வழியில் சோதனைச் சாவடியில் பாலஸ்தீனர்கள் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். நானும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்தே இருக்கலாம். ரவ்ஹி ரொட்டிப் பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்குவார். வண்டி நின்றால் மைக் தெளிவாகக் கேட்கும். அதனால், பரஸ்பர நம்பிக்கையை வளர்ப்பது எப்படி என்ற என் உரையை அந்த நேரத்துக்கே வைத்திருந்தேன். சரியாகப் பதினைந்து நிமிடம். அவர் ஏறும்போது முடித்திருப்பேன். என்ன கச்சிதம் என்று பெருமை வேறு பட்டேன். தூ.

பதினோராவது வருடம் பிப்ரவரியில் என் பள்ளிக்கூடத்தில், எங்கள் பிள்ளைகள் முன்னால் ரவ்ஹி பேசுவதாக இருந்தது. தலைமையாசிரியையைச் சம்மதிக்க வைக்கவே எனக்கு நான்கு வருடம் ஆகியிருந்தது. ரவ்ஹி புதுச் சட்டை போட்டு வந்தார்.

சாவடியில் மழை. வழக்கம்போல் ரொட்டிப் பையை என் மடியில் வைத்துவிட்டு அவர் இறங்கினார், நான் மைக்கைப் பிடித்தேன். பஸ்ஸைச் சோதிக்க ஏறிய சிப்பாய் என்னைப் பார்த்து நின்றான்.

"சார், நல்லா இருக்கீங்களா? நான் யோத்தம். பத்தாவதுல உங்ககிட்ட படிச்சேன்."

பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "இவன் என் மாணவன்" என்று மைக்கிலேயே அறிமுகப்படுத்தினேன்.

ஜன்னலுக்கு வெளியே ரவ்ஹி அனுமதித் தாளை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். யோத்தம் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அவரோட அனுமதி இன்னைக்குச் செல்லாது சார். நீங்க கிளம்புங்க."

முன் இருக்கையில் இருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் என்னைப் பார்த்தாள். "நீங்க இறங்கிப் பேசலாமே சார்?"

"விதி அப்படிம்மா," என்றேன்.

விதியும் இல்லை, வெங்காயமும் இல்லை. ஓர் அரபுக்காரருக்காக நம்ம சார் கெஞ்சினார் என்று என் பழைய மாணவன் நினைத்துவிடுவானே என்ற கூச்சம். அவ்வளவுதான். பஸ் நகர்ந்தது. ரவ்ஹி மழையில் நின்று, போங்க போங்க என்று கையை ஆட்டினார்.

பள்ளிக்கூடத்தில் இருநூறு பேர் காத்திருந்தார்கள். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அவர் கதை எனக்கு மனப்பாடம் அல்லவா, நானே சொன்னேன். அந்த வரி வந்தபோது, பழக்கதோஷம், "என் மரங்களுக்கு" என்றே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் திருத்தவில்லை.

சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"கூட்டம் நடந்துச்சா வாத்தியாரே?"

"நடந்துச்சு. நான்தான் பேசினேன்."

"மரத்துக் கதையுமா?"

"அதையும்தான்."

"சிரிச்சாங்களா?"

"நல்லா சிரிச்சாங்க."

திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"அப்ப இனிமே நான் எதுக்கு? மழையில நனையுறதாவது மிச்சம்," என்றார். குரலில் கோபமே இல்லை. "ரொட்டியைப் பிள்ளைங்களுக்குக் குடுத்தீங்களா?"

மேஜையைப் பார்த்தேன். பை கட்டு அவிழாமல் கிடந்தது.

"குடுத்தேன்," என்றேன். அதிலும் பொய்.