பாஸ்கா திரியின் கடைசி எண்

பல்லக்கா என்றுதான் அந்தக் கோயில் பங்கு முழுக்க அவளைக் கூப்பிட்டார்கள். பல்செட் செய்து தரும் கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்ததால் வந்த பெயர். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சுடவைத்து, ஈறு நிறத்து மெழுகுத் தகட்டை இளக்கி, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய வாய்க்கு ஈறு கட்டுவாள். அதன் மேல் ஒவ்வொரு பல்லாக நடுவாள். தன் வேலையைப் பற்றி அவள் வாயே திறக்கமாட்டாள். அவளுக்கும் சேர்த்துப் பேசத்தான் தங்கை இருந்தாளே. கோயிலில் யாராவது கொஞ்சம் தாராளமாகச் சிரித்துவிட்டால் போதும், "அக்கா, இது உன் செட்டா?" என்று பூசை நடுவிலேயே காதைக் கடிப்பாள்.

தங்கைக்குத் தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டர் வேலை. இரண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே குடை, நாள் தவறாமல் ஒரு சண்டை.

அவர்களுடைய பங்குக்குக் கடலுக்கு அப்பால், ஏழை நாடு ஒன்றில், ஒரு சகோதரப் பங்கு இருந்தது. இங்கிருந்து அங்கே போய்வந்தவர் ஒருவரும் இல்லை. அங்கே எல்லாரும் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள், கோயில் கூரை மழைக்கு ஒழுகும் என்கிற அளவில்தான் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை துணிமணி, மருந்து, நோட்டுப் புத்தகம் என்று ஒரு பெட்டி கப்பலேறும். கூடவே பழைய பாஸ்கா திரியும் போகும்.

பாஸ்கா திரி என்பது ஈஸ்டர் எனும் உயிர்ப்புப் பெருவிழாவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி. நடுவில் ஒரு சிலுவை, சிலுவையின் நான்கு மூலைகளிலும் அந்த வருடத்தின் நான்கு எண்கள். வருடம் முழுக்க ஞானஸ்நானத்துக்கும் அடக்கப் பூசைக்கும் அதைத்தான் ஏற்றுவார்கள். அடுத்த உயிர்ப்புக்குப் புதியது வந்துவிடும், பழையதில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் சகோதரப் பங்குக்கு அடுத்த பாஸ்கா திரி. அவர்களுக்கு வேறு திரி கிடையாது.

எண்களைச் செய்வது பல்லக்காவின் பொறுப்பு. கூடத்தில் மிஞ்சும் மெழுகில் செய்வதால் அவை ஈறு நிறத்தில் இருக்கும். "நம்ம திரி எப்பவும் இளிச்சுக்கிட்டே நிக்குது" என்று பங்குத்தந்தை கேலி செய்வார். மூன்று எண்களை அவள் ஒட்டுவாள். கடைசி எண் தங்கைக்கு. எப்போதோ ஒரு சண்டையில் பேசி முடித்த பாகப்பிரிவினை அது. தங்கை கட்டைவிரலை வைத்து ஒரே அமுக்காக அமுக்குவாள். எண் கட்டாயம் சாய்ந்துவிடும். அந்த வருடம் ஏழு. அதுவும் சாய்ந்தது. "சாஞ்சா என்ன, விழாம நிக்குதில்ல" என்றாள் தங்கை.

பெட்டியில் வைக்கும் முன் பல்லக்கா சூடான கத்தியால் பழைய எண்களைச் சுரண்டி, அந்த இடத்தை வழவழப்பாக்கிவிடுவாள். அங்கே அவர்கள் தங்கள் வருடத்தை எழுதிக்கொள்வார்கள். அதன் பிறகு தங்கையின் வேலை. பழைய போர்வையைக் கிழித்துச் சுற்றி, அட்டை வைத்து, இழுத்துக் கட்டுவாள். பதினெட்டு வருடத்தில் ஒரு திரிகூட உடைந்து போய்ச் சேர்ந்ததில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில், கவுண்டரில் ஒரு பார்சலை எடை போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே தராசின் மேல் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

அடக்கப் பூசையில் சவப்பெட்டியின் தலைமாட்டில் அந்தத் திரி எரிந்தது. பல்லக்காவுக்குப் பெட்டியைப் பார்க்கத் தெம்பில்லை. திரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது ஏழின் மேல் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. ரேகை ரேகையாக, முழுசாக. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த உயிர்ப்புக்கு நான்கு எண்களையும் அவளே ஒட்டினாள். "பரவாயில்லையே, இந்த வருஷம் நேரா நிக்குதே" என்றார் பங்குத்தந்தை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

பழைய திரியை மேசைமேல் கிடத்தி, கத்தியை மூன்று தடவை சுடவைத்தாள். மூன்று தடவையும் அது ஆறிப்போனது. திரியைத் தானே வைத்துக்கொண்டாலும் கேட்க ஆளில்லை. ஆனால் அங்கே ஒரு கோயில் இதற்காகக் காத்திருக்கிறது. கடைசியில், சுரண்டாமலே, தங்கை கட்டுகிற மாதிரி கட்டி அனுப்பிவிட்டாள். கப்பல் போன பிறகுதான் யோசனை வந்தது. வேலையை அரைகுறையாக விட்டு அனுப்பியிருக்கிறார்களே என்று நினைப்பார்களோ? சுரண்டத்தான் போகிறார்கள். எந்தக் கை சுரண்டுமோ?

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பங்குத்தந்தை அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, வந்திருந்த கடிதத்தை நம் பேச்சில் பெயர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பங்கின் பள்ளி ஆசிரியை எழுதியிருந்தாள். திரி வழக்கம்போல வழவழப்பாக வரவில்லை, ஆகவே எண்களை எடுக்கும் வேலையை ஒரு முதியவரிடம் கொடுத்தோம், அவர் மண்ணை அச்சில் அடித்துச் செங்கல் அறுப்பவர், கத்தி வைக்குமுன் விரலால் தடவிப் பார்த்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார் என்று இருந்தது. அவர்கள் சூளையில் ஈரக் கல்லில் அறுத்தவர் தன் கட்டைவிரலை அமுக்கி வைப்பாராம். கல் யாருடையது என்பதற்கு அதுதான் அடையாளம். கூலிக்கு எண்ணும்போது, அறுத்தவர் வந்து, அவர் பெயரைக் கூப்பிட்டு, சுற்றி நிற்கிறவர்கள் "வந்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் அந்தக் கல்லை நகர்த்தலாம். அதனால் தங்கள் வருடத்தைத் திரியின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்கள். உயிர்ப்புக்கு ஏற்றினார்கள். மேல் எண்கள் இரண்டும் கரைந்து, தீ ஏழுக்கு ஒரு விரல் மேலே வந்ததும் அணைத்துவிட்டார்கள். அதிலிருந்து ஞானஸ்நானமானாலும் சாவானாலும் திரி சும்மா நிற்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. கடிதம் கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி. இது யாருடைய விரல்? அவர் எப்போது வருவார்?

பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வருஷம் அது பக்கத்துலயே நின்னு பூசை வெச்சேன்க்கா. எனக்குத் தெரியலையே."

மண்ணைப் பிசைந்து பிசைந்து காய்த்துப்போன ஒரு விரல், பல்லக்கா யாரிடமும் சொல்லாததைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டது. பார்த்தேயிராத ஒரு பங்கு முழுவதும், பெயர் தெரியாத ஒருத்திக்காக, கையில் இருக்கிற ஒரே திரியை எரிக்காமல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

பதில் சொல்ல மூன்று நாள் பிடித்தது. ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டால் போதும், அந்த விரல் அங்கே அப்படியே இருக்கும். கூடத்தில் மெழுகை இளக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன விளக்குதான் கண்முன் வந்தது. அங்கே எத்தனை பேர் பெரிய திரியின் வெளிச்சம் இல்லாமல் குழிக்குப் போயிருப்பார்கள்? நான்காம் நாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் அலுவலக வாசலில் நின்றாள்.

"எரிக்கச் சொல்லுங்க ஃபாதர். அது என் தங்கச்சி விரல். அவ இனிமே வரமாட்டா." கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "ஒரு பார்சல் பாதி வழியில தேங்கி நின்னா அவளுக்குத் தூக்கம் வராது."

தங்கையின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த கடிதம் சுருக்கமாக இருந்தது. பங்குத்தந்தை நாற்காலியில் உட்கார்ந்து படித்தார், எதிரே அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சூளையில் மாண்டுபோன ஒரு பெண்ணின் அடக்கப் பூசைக்குத் திரியை ஏற்றினார்களாம். ஏற்றுவதற்கு முன் அந்த முதியவர் தங்கையின் பெயரைச் சூளையில் கூப்பிடுகிற மாதிரி உரக்கக் கூப்பிட்டார். கோயில் முழுக்க ஒரே குரலில் "வந்தாச்சு" என்றது. பூசை முடிந்து, அடக்கம் முடிந்து, எல்லாரும் திரும்பி வந்தார்கள். திரி எரிந்துகொண்டிருந்தது. முறை வைத்து மாற்றி மாற்றி அதன் முன்னால் நின்றார்கள். ஏழு கரைந்து முடிய மாலையாகிவிட்டது. அதுவரை அங்கே ஒருவரும் உட்காரவில்லை.

படித்துவிட்டுப் பங்குத்தந்தை நிமிர்ந்தபோது பல்லக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாளோ. அவரும் எழுந்தார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். இரண்டு பேரும் அசையவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது பெட்டி போயிற்று. ஒவ்வொரு தடவையும் கடைசி எண்ணைப் பல்லக்கா தன் கட்டைவிரலால் அமுக்கினாள், காத்திருக்க வேண்டாம், எரியுங்கள் என்ற குறிப்போடு சுரண்டாமல் அனுப்பினாள். போன மாதம் அவளும் போய்விட்டாள். போன வருடத்துத் திரி அவள் மேசைமேல் போர்வையில் பாதி சுற்றியபடி கிடக்கிறது. இங்கே மிச்சம் இருக்கிறவர்கள்தான் கட்டி முடிக்க வேண்டும். கட்டும் முன் அவள் பெயரை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைக்க வேண்டும். அங்கே கூப்பிடுவார்கள்.