மாமா இருந்த ரெஜிமெண்ட்

சித்திரபுரத்தில் நாங்கள் குடியிருந்த மின்வாரியக் குவார்ட்டர்ஸின் முன்னறைச் சுவரில், மூன்று பட்டி தைத்த கோட்டும் தொப்பியுமாக ஒரு பட்டாளத்துக்காரர் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் என் அத்தையின் புருஷன். கல்யாணமான மறுவருஷமே சொல்லாமல் கொள்ளாமல் பட்டாளத்தில் சேர்ந்து, சீனச் சண்டையில் செத்துப்போனவர். தேடிப்போன அப்பாதான் அந்தச் செய்தியையும் படத்தையும் கொண்டுவந்தாராம். அப்போது அத்தைக்கு இருபது வயது. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், பன்னிரண்டு வருஷமாக எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டு எங்களோடு இருந்தாள்.

எனக்குப் பதினொரு வயதானபோது, சுதந்திர தின விழாவில் போரில் இறந்தவர்களின் குடும்பத்தாரை மேடையேற்றி மாலை போடப்போவதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான் துள்ளி எழுந்து அத்தையைப் பற்றிச் சொன்னேன். உன் மாமா எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா என்றார் வாத்தியார்.

அப்பாவிடம் கேட்டதற்கு, இப்போது அதெல்லாம் எதற்கு என்று எரிந்து விழுந்தார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நீயே யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லு தாயி, நானும் தெரிஞ்சுக்கிடுதேன்" என்றாள்.

பள்ளிவாசல் பஜாரில் ஒரு தையல்காரர் இருந்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆள். பதினைந்து வருஷம் பட்டாளத்திலேயே தையல்காரராக இருந்துவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் படத்தைத் துண்டில் சுற்றி அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தார்.

"ஏங் கண்ணு, உங்க மாமா எத்தன வருசம் பட்டாளத்துல இருந்தாரு?"

"ஒரு வருஷம்கூட இல்லை."

"மூணு பட்டின்னா ஹவில்தார், ஒரு வருசத்துல அதக் குடுக்க மாட்டாங்க. தொப்பியில இருக்கறது பீரங்கிப்படை வில்லை. தோள்ல இருக்கறது காலாட்படைப் பேரு. ஒரே ஆளு ரெண்டுலயும் இருக்க முடியாதல்ல? மெடல் பட்டைய எடது நெஞ்சுலதான் குத்தோணும், இதுல வலது பக்கம் இருக்குது. படத்தையே திருப்பிப் போட்டுட்டாங்களோன்னு பாத்தன், பொத்தானெல்லாம் சரியான பக்கத்துலதான் இருக்குது." பிறகு கோட்டின் தோள் தையலைத் தொட்டுக் காட்டினார். அது முழங்கைப் பக்கம் இறங்கியிருந்தது. "இது இவருக்குத் தெச்ச கோட்டு இல்ல கண்ணு. படம் புடிக்கற கடையில வர்றவங்களுக்கெல்லாம் மாட்டிவிடற கோட்டு. ஊட்டுல யார்கிட்டயும் சொல்லாத. உங்கப்பாவ மட்டும் வரச் சொல்லு."

"பொய்!" என்று கடைவீதியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். எங்கள் மாமா மேல் உங்களுக்குப் பொறாமை, துணி வெட்டத்தானே உங்களைப் பட்டாளத்தில் வைத்திருந்தார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் படத்தைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

வீடு வரைக்கும் ஓடினேன். பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தையிடம், தையல்காரரைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் அவரைத் திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். வில்லை, தோள் எழுத்து, மெடல் பட்டை, தொங்கும் தையல். இரண்டு தடவை காட்டினேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை படத்தை அவர் தட்டுக்கு எதிரே வைத்தாள்.

"இது யாரு கோட்டு?"

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உன்னத்தாம்ணே கேக்கேன்."

"தேனியில ஒருத்தியோட குடித்தனம் பண்ணிக்கிட்டிருந்தான். திருவிழாக் கடையில எடுத்த படமாம், அந்த வீட்டுல கெடந்தது. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு ஊரு உன்னப் பாத்துச் சிரிக்கும்னுதான்..."

"ஊரு சிரிக்கும்னா என் தாலிய அறுத்தே?"

"உன் நல்லதுக்குத்தான் தாயி."

"பவர் ஹவுஸ் மேஸ்திரி என்னையப் பொண்ணு கேட்டு வந்தாரே, பட்டாளத்தான் பொஞ்சாதி மறுதாலி கட்டமாட்டான்னு சொல்லி அனுப்புனியே, அதுவும் என் நல்லதுக்கா? என்னையக் கட்டுனவன் உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுதான அனுப்புன?"

அப்பா குனிந்து அடுத்த கவளத்தை எடுத்தார். அத்தை அவர் தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது, அதைச் சொல்லியும் விட்டேன்: "மாமா உயிரோட இருக்காருன்னா சந்தோஷம்தானே அத்தை?"

அத்தை என்னை ஓங்கி அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததேயில்லை. பிறகு தன் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். "உன் மச்சானை நீயே வச்சுக்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கூடக் கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் போய்விட்டாள். தேனிக்கு அவள் போகவேயில்லை. அப்பாவோடு அவர் சாகும்வரை பேசவும் இல்லை. 'உன் நல்லதுக்கு' என்று யார் சொன்னாலும் எனக்கு இன்றும் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. அந்த வயதிலோ என் கோபமெல்லாம் அத்தை மேல்தான் இருந்தது. அவளை மேடையேற்ற நினைத்த என்னை அடித்துவிட்டுப் போனவள் அல்லவா?

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, எஸ்டேட் பாதையில் பெண்கள் கூடையோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே அத்தை ஆரஞ்சு நிறச் சேலை உடுத்தி, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். பின்னால் வந்த இரண்டு பெண்கள், தாலியறுத்தவளுக்குப் பொட்டு எதற்கு என்று அவள் காதில் விழும்படியே ஏசிக்கொண்டு வந்தார்கள். என் கூட வந்த பிள்ளைகள், "உங்க அத்தைதானே?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கிடையே இறங்கிக் குறுக்கு வழியில் நடந்தேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டாள், ஆனால் கூப்பிடவில்லை. என்னைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருக்கிறது என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.