ஆறாம் மாடி ஓட்டைச் சுவர்

என் நாத்தனார் எங்கள் குடியிருப்பின் மாடிப்படிகளை இருபத்திரண்டு வருடமாகக் கூட்டித் துடைக்கிறாள். ஒன்பது மாடி. பெரிய போர் முடிந்த கையோடு, வீடிழந்தவர்களுக்காகக் கட்டியது. அலங்காரம் ஒன்றும் கிடையாது; பூசாத கான்கிரீட், நேர்கோடு, அகல ஜன்னல். அழகு என்றால் படி திரும்பும் இடங்களில் உள்ள ஓட்டைச் சுவர்தான். சதுர ஓட்டைகள் வழியாகக் காலை வெயில் படியில் கட்டம் கட்டமாக விழும்.

அதெல்லாம் முன்பு. புறாத் தொல்லை என்று குடியிருப்புச் சங்கத்தார் பதினைந்து வருடத்துக்கு முன் ஓட்டைகளை சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். அப்புறம் படிச்சுவரெல்லாம் ஈரம், கறுப்புப் பூஞ்சை. "கட்டடம் உளுத்துப் போச்சு" என்று ஆளாளுக்குப் பேச்சு. இடிப்பதா, பாரம்பரியக் கட்டடமென்று பட்டியலில் சேர்த்துக் காப்பதா என்று பார்க்க ஒரு இன்ஜினியரம்மா வந்தார். இடித்தால் தொண்ணூறு குடும்பமும் தெருவில்தான்.

மூன்றாவது மாடியிலேயே அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கட்டினதுலயே கோளாறுன்னு தோணுது. காப்பாத்துறது கஷ்டம்."

நான் மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டேன். உதடு அசைந்திருக்க வேண்டும்.

"அண்ணி, வேண்டினது போதும், வாளியப் பிடிங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு, நாத்தனார் அவர் முன்னால் போய் நின்றாள். "அம்மா, பாதி வழியில தீர்ப்பு சொல்லாதீங்க. ஆறாவது மாடி வரைக்கும் வாங்க."

"உன் வேலையப் பாரும்மா" என்றார் சங்கச் செயலாளர்.

"என் வேலைதாங்க இது. அடைச்சது நீங்க, தினம் துடைக்கிறது நான்."

இன்ஜினியரம்மா மூக்கிலிருந்து கையை எடுக்காமலே மேலே ஏறினார்.

ஆறாவது மாடித் திருப்பத்தில் அவள் தரை துடைக்கும் துணிகள் தொங்கின. அடைக்க வந்த கொத்தனாரிடம், "துணி காய ஒரு இடமாவது விடுங்கண்ணே" என்று அன்று மல்லுக்கட்டித் தடுத்ததால் ஓட்டைகள் அடைபடாமல் தப்பிய சுவர் அது. ஈரத்துணி தொங்கும் இடத்தில் சுவர் சருகாய்க் காய்ந்திருந்தது. பூஞ்சை ஒரு பொட்டு இல்லை.

இன்ஜினியரம்மா உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஐந்தாவதுக்கு இறங்கித் தொட்டார், ஏழாவதுக்கு ஏறித் தொட்டார். இரண்டும் சில்லென்று ஈரம்.

"கட்டினவங்க மூச்சு விட வழி வச்சாங்கம்மா. மூக்க அடைச்சுட்டு, மூச்சு முட்டுதுன்னு கட்டடத்தத் திட்டுறோம்" என்றாள் நாத்தனார்.

"புறா?" என்றார் செயலாளர் மெதுவாக.

"வலை கட்டிக்கலாம்" என்றார் இன்ஜினியரம்மா, எழுதிக்கொண்டே.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. பட்டியலில் சேர்த்தாயிற்று, இடிப்பு இல்லை, ஓட்டைகளைத் திறக்க வேண்டும். கடவுள் கண் திறந்தார் என்று நான் அழுதேன். நாத்தனாரோ சுத்தியலோடு வந்த கொத்தனாரை மறித்துக்கொண்டிருந்தாள்.

"மேலேருந்து உடைச்சுக்கிட்டு வாங்கண்ணே. கீழேருந்து ஆரம்பிச்சா நான் ரெண்டு தடவ கூட்டணும்."